ஈறு நோயும் 'எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது' என்கிற பேச்சும்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்புக் கூட்டத்தில் ஈறு நோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். இதய நோய், புற்றுநோய் என்றால்கூடப் பரவாயில்லை, பல்லாட்டத்தைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று கேட்டார்கள். நான் பல் மருத்துவர் அல்ல. மனித மரபியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். மரபணுவும் வாழ்நிலையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்ட ஈறு நோயைப் போல வசதியான எடுத்துக்காட்டு குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

இது நமக்கு எதற்கு? 'பிறவிக் குணம்', 'ரத்தத்தில் ஊறியது' என்று முன்பு சொன்னவர்கள் இன்று 'அவங்க ஜீன்லயே இருக்கு' என்கிறார்கள். மதிப்பெண்ணுக்கும் ஜீன், நிறத்துக்கும் ஜீன், குற்றத்துக்கும் ஜீன். சொல் மட்டும் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறது, சொல்லும் சேதி பழையதுதான். பிறப்பால் எல்லாம் முடிவாகிவிட்டது என்பதே அந்தச் சேதி. இதைக் கேட்டுக் கேட்டு, நம் தோழர்கள் சிலர் மறு எல்லைக்குப் போய்விடுகிறார்கள். மரபணு என்று யாராவது பேசினாலே அது மனுதர்மத்தின் அறிவியல் பதிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மரபணு உண்மை. அதற்கு விளைவும் உண்டு. அதை மறுத்துவிட்டுச் சாதியை எதிர்க்கத் தேவையில்லை. மரபணு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், 'பிறப்பால் முடிவானது' என்கிற வாதம் தானாகவே நிற்க முடியாமல் போகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். பல்லின் மேல், ஈறு விளிம்பை ஒட்டி, நுண்ணுயிர்களின் மெல்லிய படலம் படிகிறது. துலக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிறது. உடல் அந்த நுண்ணுயிர்களை எதிர்க்கிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, துலக்கும்போது ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் சிலருக்கு அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்து வைத்திருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கத் தொடங்குகிறது. போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. சொத்தையே இல்லாத நல்ல பல் ஒருநாள் ஆடி விழுகிறது. 'பல்லை கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று நம் ஊர்களில் ஒரு பயம் இருக்கிறதே, அதன் பின்னணியும் இதுதான். எலும்பு ஏற்கெனவே கரைந்துபோய், காரை மட்டும் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் தெரிகிறது. பழி கிளீனிங் மேல் விழுகிறது.

எலும்பைக் கரைப்பது நுண்ணுயிர் மட்டும் அல்ல. நம் உடலின் எதிர்ப்பு வேலையே அளவு மீறி அதைச் செய்கிறது. காயம், கிருமி என்றதும் உடல் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பச் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்று இன்டர்லூகின்-1. இது அழற்சியைத் தூண்டுகிறது. அதிகமானால் எலும்பைக் கரைக்கும் செல்களையும் கிளப்பிவிடுகிறது. இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. சிலருடைய உடல் ஒரே கிருமிக்குக் கொஞ்சம் அதிகமாக எரிந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து புகை. நிகோடின் ஈறின் நுண் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்கள் புகையால் சரியாக வேலை செய்வதில்லை. புண் ஆறுவதும் தாமதமாகிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. ஈறில் ரத்தம் கசிவதுதான் நோயின் முதல் எச்சரிக்கை. புகைப்பவருக்கு ரத்த ஓட்டம் சுருங்கிவிடுவதால் அந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. நோய் உள்ளே நடக்கிறது, வெளியே அடையாளம் இல்லை. வலியும் பெரிதாக இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரியவருகிறது.

அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளை அலசி, 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் புகைப்பவருக்கு ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் என்பது கூடக்கூட வாய்ப்பும் ஏறியது. அந்நாட்டு ஈறு நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் நோய், இப்போது புகைப்பதாலோ முன்பு புகைத்ததாலோ வந்தது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில் நம்பிக்கை தருகிற செய்தியும் இருந்தது. புகையை விட்டு 11 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களின் வாய்ப்பு, புகைத்தே இராதவர்களின் வாய்ப்புக்கு அருகில் இறங்கியிருந்தது.

இனி இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். 1997இல் கென்னத் கார்ன்மன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்டர்லூகின்-1 மரபணுத் தொகுப்பில் இரண்டு இடங்களில் குறிப்பிட்ட வேறுபாடு உள்ளவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்றது அது. புகைக்காதவர்களிடம்தான் இது தெரிந்தது. புகைப்பவர்களிடம் மரபணு வேறுபாடு எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. புகையின் விளைவு அவ்வளவு பெரிதாக இருந்ததால் மரபணுவின் விளைவு அதற்குள் மூழ்கிவிட்டது.

1999இல் இன்னொரு ஆய்வு, மெக்குவைர், நன் என்கிற இருவருடையது. 42 நோயாளிகள், 14 ஆண்டுகளாகத் தொடர்ந்து சிகிச்சையில் இருந்தவர்கள். அந்த மரபணு வடிவம் இருந்தால் பல்லை இழக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு. கடுமையாகப் புகைத்தால் 2.9 மடங்கு. இரண்டும் இருந்தால் 7.7 மடங்கு. 2.7ஐயும் 2.9ஐயும் கூட்டினால் 5.6தான் வரும். பெருக்கினால் 7.8. அதாவது இரண்டு ஆபத்துகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன. 42 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் பெருக்கல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இது உதவும். கூட்டலில் ஒன்றை நீக்கினால் மற்றது அப்படியே இருக்கும். பெருக்கலில் ஒன்றை நீக்கினால் மற்றதன் பலமும் குறையும். மரபணுவை நீக்க முடியாது. புகையை நீக்கலாம். நீக்கினால் மரபணு முன்பு செய்த அளவு கேட்டைச் செய்ய முடியாது. 'பிறப்பில் வந்தது, மாற்ற முடியாது' என்பது மரபணுவின் எழுத்துக்குப் பொருந்தும். அது என்ன செய்யும் என்பதற்குப் பொருந்தாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 2000இல் சீன மரபினர் 300 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் மட்டுமே அந்த மரபணு வடிவம் இருந்தது. ஐரோப்பிய மரபினரில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருப்பது. அதற்காகச் சீனர்களுக்கு ஈறு நோய் வராமல் இல்லை. பிறகு ஜெர்மனியின் வடகிழக்கில், பொமரேனியா பகுதியில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடந்தது. அங்கே அமெரிக்க முடிவுக்கு நேர்மாறான முடிவு வந்தது. புகைப்பவர்களிடம்தான் மரபணுவின் விளைவு தெரிந்தது, புகைக்காதவர்களிடம் தெரியவில்லை. இன்னும் பின்னால், ஒரே ஒரு மரபணுவை மட்டும் பார்க்காமல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வுகள் வந்தன. அவற்றின் முன்வரிசையில் இன்டர்லூகின்-1 வரவே இல்லை.

அறிவியல் குழம்பிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நோய்க்கு ஒரு மரபணு என்று கிடையாது, சிறு விளைவுள்ள பல வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு வேறுபாடு என்ன செய்யும் என்பது அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு புகைக்கிறார்கள், பல் மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒரு நாட்டில் எடுத்த எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொரு நாட்டில் வைத்து 'இதுதான் மரபணுவின் விதி' என்று சொல்ல முடியாது.

அடுத்து நாம் அடிக்கடி கேட்கும் ஒரு சொல். 'ஈறு நோய் பாதி பரம்பரை' என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2000இல் அமெரிக்காவில் 117 இரட்டையர் இணைகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள், தனித்தனிக் கருவில் வந்த இரட்டையர்களைவிட ஈறு நோயில் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தார்கள். அதைக் கொண்டு, ஆளுக்கு ஆள் நோய் வேறுபடுவதில் சுமார் பாதியை மரபணு விளக்குகிறது என்றார்கள். ஆய்வு சொன்னது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதி என்று. ஒருவருடைய நோயில் பாதி மரபணு என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் இன்று நான் பேசுவதின் மையம்.

ஜெஃப்ரி ரோஸ் என்கிற பிரித்தானிய நோய்ப்பரவல் அறிஞர் 1985இல் இதை விளக்கினார். ஒரு நாட்டில் எல்லோரும் நாளுக்கு இருபது சிகரெட் புகைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நுரையீரல் புற்றுநோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஆய்வு செய்தால் புகை கண்ணிலேயே படாது. எல்லோரிடமும் இருப்பதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது அல்லவா? மிச்சமிருக்கும் வேறுபாடு உடலில் உள்ளதுதான். ஆகவே, நுரையீரல் புற்றுநோய் ஒரு பரம்பரை நோய் என்று அந்த ஆய்வு முடிவு சொல்லும். கணக்கு சரியாக இருக்கும், முடிவு நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

ரோஸ் சொன்னது கற்பனை நாடு. ஈறு நோயின் வரலாற்றில் அப்படி ஓர் உண்மையான இடம் இருக்கிறது. அது நம் சொந்தக்காரர்கள் வாழும் இடம்.

1970இல் ஹரால்ட் லோ என்கிற நார்வேயில் பிறந்த பல் மருத்துவ அறிஞரும் குழுவினரும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத மக்களிடம் இந்த நோய் தன் போக்கில் எப்படி வளர்கிறது என்று அறிவதுதான் நோக்கம். 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒன்று. ஏறத்தாழ எல்லோர் ஈறிலும் அழற்சி இருந்தது. ஆனால் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டி நகரவே இல்லை. 35 வயதில் வேகமான பிரிவினருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது. கடைசிப் பிரிவினருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை.

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே லயன், ஒரே அழுக்கு, ஆனால் மூன்று விதி. இதைப் படித்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. வேறுபாடு அவரவர் உடலில் இருக்கிறது. மரபணுவைத் தேடிப் புறப்பட்ட ஆய்வுகளுக்கு இந்தப் பாடம் பெரிய உந்துதல். அந்தப் பாடம் தவறல்ல. உடலுக்கு உடல் வேறுபாடு உண்டு. ஆனால் ரோஸ் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது எது? பல் மருத்துவம் இல்லாமை. அது எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லாததால் அந்த அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தக் கட்டுரைத் தலைப்பில் 'இயற்கை வரலாறு' என்ற சொல் வருகிறது. சிகிச்சை குறுக்கிடாமல் நோய் தன் வழியில் போவதை மருத்துவத்தில் அப்படிச் சொல்வார்கள். அது கலைச்சொல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: அந்தத் தோட்டத்தில் இயற்கையாக இருந்தது எது? பிரித்தானியர் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிகள் வழியே மலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊரில் ஒடுக்கப்பட்டவர்கள். அவர்கள் உழைப்பில் அந்த நாட்டின் பொருளாதாரம் நின்றது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கிட்டன. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில்தான் தலைமன்னாரிலிருந்து கப்பல் கப்பலாக அவர்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாக்கில்லாத மக்கள் யாரிடம் போய்ப் பல் மருத்துவர் வேண்டும் என்று கேட்பார்கள்? அந்தத் தொழிலாளர்களின் வாயில் நடந்ததில் நோயின் போக்கும் இருந்தது, இரண்டு அரசுகளின் போக்கும் இருந்தது.

அதே ஆய்வுக்கு இன்னொரு பாதி உண்டு. ஒப்பிடுவதற்காக ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்விப்புலத்தினரையும் அதே முறையில் பரிசோதித்தார்கள். சிறு வயதிலிருந்தே பல் மருத்துவம் பார்க்கப்பட்டவர்கள் அவர்கள். 40 வயதை நெருங்கும்போது அவர்களுக்குப் பிடிமான இழப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை மில்லிமீட்டர், மூன்று மடங்கு. 'நார்வேக்காரர்களின் மரபணு நல்லது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. இரண்டு கூட்டங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த 'மரபணு' என்கிற பதிலை இரண்டாவது கேள்விக்கு எடுத்துப்போடுவதில்தான் இனவாதமும் சாதியவாதமும் அறிவியல் வேடம் போடுகின்றன.

2010இல் ஆய்வாளர்கள் மறுபடி மலையகம் போனார்கள். 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. நாற்பது ஆண்டுகளில் ஒருவர் சராசரியாக 13 பற்களை இந்த நோயால் இழந்திருந்தார். 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. 4 பேர் இந்த நோய்க்கு ஒரு பல்லைக்கூடக் கொடுக்கவில்லை. 2017இல் வெளியான அந்த அலசலில், நோய் தொடங்குவதோடு தொடர்புடையவை என்று தெரியவந்தவை இரண்டு: புகைப்பழக்கம், காரை. தொடங்கிய நோய் முற்றுவதோடு தொடர்புடையவை காரை, படலம், ஈறழற்சி. எல்லாமே மாற்றக்கூடியவை. காரையை எடுக்க ஒரு சிறு கருவியும் அரை மணி நேரமும் பயிற்சி பெற்ற ஒரு கையும் போதும். நாற்பது ஆண்டுகள் உடலின் வேறுபாட்டை அளந்த ஆய்வு கடைசியில் சொன்னது இதைத்தான்.

இனி நேராகச் சாதிக்கு வருகிறேன். 'மரபணு வேறுபாடு இருக்கிறது என்றால் சாதிக்குச் சாதி மரபணு வேறு என்று ஆகிவிடாதா?' என்று தோழர்கள் கேட்பீர்கள். மனித மரபணு வேறுபாட்டில் மிகப் பெரும் பகுதி எந்த ஒரு மக்கள் குழுவுக்குள்ளும் இருக்கிறது, குழுக்களுக்கு இடையில் இருப்பது சிறிய பகுதி என்று ரிச்சர்ட் லெவன்டின் 1972லேயே கணக்கிட்டுக் காட்டினார். குழுவுக்குள் இருப்பது ஏறத்தாழ 85 விழுக்காடு. ஒரே லயனில் மூன்று விதி என்று பார்த்தோமே, அதைப் போலத்தான். வேகமாகப் பாய்கிற உடலும் அசையாத உடலும் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன, அக்ரகாரத்திலும் சேரியிலும்.

சில குழுக்களில் சில வேறுபாடுகள் அதிகமாகக் காணப்படுவது உண்டு. அதற்குக் காரணம் அகமணம். சாதியின் சாரமே அகமணமுறைதான் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த தன் கட்டுரையில் நிறுவினார். 2013இல் வெளியான மரபியல் ஆய்வு ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தில் மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலந்தார்கள், பிறகு அந்தக் கலப்பு அரிதாகிவிட்டது என்று காட்டியது. ஆக, மரபணு சாதியை உண்டாக்கவில்லை. சாதி என்கிற திருமணக் கட்டுப்பாடுதான் மரபணுவில் தன் தழும்பைப் போட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுச் சாதி இயற்கையானது என்று சொல்வது, அடி வாங்கியவர் முதுகைக் காட்டி அவர் பிறக்கும்போதே அப்படித்தான் என்று சொல்வதற்குச் சமம்.

சாதியால் பங்கிடப்படுவது பெரும்பாலும் பெருக்கலின் மறுபக்கம்தான். அதாவது புகை, காரை, மருத்துவமின்மை. 2016-17இல் நடந்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடி புகைக்கிறார்கள், சிகரெட் புகைப்பவர்கள் 4 விழுக்காடு. பீடி ஏழைகளின் புகை. சிகரெட்டைவிட அதிக நிகோடினும் தாரும் உள்ளே போகிறது. அதன் மேல் வரியும் குறைவு, ஆகவே விலையும் குறைவு. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களிடம் புகையிலைப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம் என்று தேசியக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

இதைச் சொன்னதும் 'பழக்கத்தை விட வேண்டியதுதானே' என்று ஒரு குரல் வரும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்படுபவர் நாற்றத்தைத் தாங்கப் பீடி பற்றவைக்கிறார். செங்கல் சூளையில் பசியை அடக்கப் பற்றவைக்கிறார்கள், நிகோடினுக்குப் பசியை மந்தமாக்கும் குணம் உண்டு. மலைத் தோட்டத்தில் குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலையோடு புகையிலை சேர்கிறது. அந்தப் பீடியைச் சுற்றுகிறவர்களும் வேலூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டுத் திண்ணையில் புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட, இஸ்லாமியப் பெண்கள்தான். 'ஜீன் அப்படி' என்பது ஒருவரைப் பிறப்பின் மேல் பழி போட்டுக் கைவிடுவது. 'அவன் புகைத்தான், அனுபவிக்கிறான்' என்பது ஒழுக்கத்தின் மேல் பழி போட்டுக் கைவிடுவது. இரண்டிலும் நோயாளி தனியாக நிற்கிறார். அவரைத் தொட்டிக்குள் இறக்கியவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த இன்டர்லூகின்-1 மரபணுவைச் சோதிக்கும் வணிகச் சோதனை அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது. 2013இல் காப்பீட்டுப் பதிவுகள் கொண்ட 5,117 பேரை ஆராய்ந்த ஒரு கட்டுரை, புகை, சர்க்கரை நோய், இந்த மரபணு ஆகிய மூன்றும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பல் சுத்தம் செய்வதால் பெரிய பலன் இல்லை என்றது. அந்த முடிவைப் பிற ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய மரபணுவைக் கொண்டுவருகிறார்கள். ஈறு நோயை வகைப்படுத்தும் இன்றைய உலகளாவிய முறை 2017இல் உருவானது. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று கணிக்க மருத்துவர் கேட்க வேண்டிய இரண்டு முக்கியக் கேள்விகளை அது சொல்கிறது. நாளுக்கு எத்தனை சிகரெட்? சர்க்கரை எவ்வளவு? மரபணுச் சோதனை அதில் இல்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காரையை எடு, புகையை விட உதவு, சர்க்கரையைக் கட்டுப்படுத்து.

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் மருத்துவர் வேண்டும். பிடுங்குவதற்கு மட்டும் அல்ல, சுத்தம் செய்வதற்கும். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்குபவை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரைக்கு மாத்திரை கொண்டுவருபவர்கள் ஈறையும் பார்க்கப் பயிற்சி பெற வேண்டும். புகையை விட விரும்புபவருக்கு அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 1800-11-2356 என்கிற இலவச எண் ஏற்கெனவே இருக்கிறது, நம் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்லுங்கள். புகையை விட்ட சில வாரங்களில் ஈறில் ரத்தக் கசிவு கூடலாம். சுருங்கியிருந்த ரத்த ஓட்டம் திரும்புகிறது என்று பொருள், பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம். பீடி சுற்றும் பெண்களுக்கு மாற்று வேலை தராமல் பீடியை ஒழிப்பதாகப் பேசினால் அது அவர்கள் அடுப்பை அணைப்பதாகும். மனிதரைக் கழிவுக்குள் இறக்குவது நின்றாலொழிய, அந்தக் கையிலிருந்து பீடியைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

மரபியல் படிக்க வருகிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையைச் சாதியவாதிகளிடம் விட்டுவிடாதீர்கள். உள்ளே வாருங்கள். எந்த ஆய்வைப் படித்தாலும் ஆய்வில் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். அதோடு, எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் எதை அளக்காமல் விட்டார்கள் என்றும் கேளுங்கள். அந்தத் தோட்டத்தில் யார் பல் முதலில் விழும் என்பதை மரபணு ஓரளவு தீர்மானித்திருக்கலாம். அத்தனை பேர் பல்லும் ஏன் ஆட்டம் கண்டது என்பதற்கு மரபணுவிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் வேலை நம்முடையது.